பெண் மீன்கள் மட்டும்

அத்தியாயம் 9

ஒரு கப்பி மீனுக்கு வயிறு வீங்கியிருந்தது. அது அந்த மீனின் சொந்த விஷயம் என்று விட்டிருக்கலாம். ஆனால் எதையும் யாருடைய சொந்த விஷயமாகவும் விட்டுவைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

இதுவரை நடந்ததைச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. இந்த வீட்டில் நடப்பது எதுவும் அவ்வளவு பெரியதில்லை. கூடத்தில் ஒரு மீன் தொட்டி. அதில் ஆறு கப்பிகள், ஆறும் பெண். மூன்று மாதத்துக்கு முன் அவற்றை வாங்கி வந்தவர் வீட்டின் பெரியவர். ஆண் ஒன்று சேர்ந்துவிட்டால் மாதாமாதம் குட்டி போட்டுத் தொட்டியை நிரப்பிவிடும் என்பதால், 'பெண் மீன்கள் மட்டும்' என்று அச்சடித்த ஸ்டிக்கரைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தார். மீன்கள் அதைப் படித்துப் பார்த்து நடந்துகொள்ளும் என்று நம்பினார் போலிருக்கிறது.

பெரியவர் பாட்டில் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். நாள் முழுக்க பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கித் தள்ளுவது வேலை. அங்கே அவருக்கு 'ரிஜெக்ட்' என்று பெயர். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அந்த வேலையை நிறுத்துவதில்லை. மடித்த துணி, தம்பியின் செருப்பு, மனைவியின் தும்மல் என்று எல்லாவற்றிலும் ஒரு கீறலைக் கண்டுபிடித்துவிடுவார்.

தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறது. புதிதாக வந்த சின்னவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். தொட்டி மொட்டையாக இருக்கிறதே என்று, பத்து நாளுக்கு முன் மீன் கடையில் ஒரு பை பாசி வாங்கிவந்து போட்டாள். அனுமதி கேட்கவில்லை. பெரியவர் அதை இரண்டு விரலால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். போன வாரம் அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். நாம் நினைத்து என்ன ஆகப்போகிறது? பதினோராம் நாள் காலையில் மீனின் வயிறு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

ஏழு மணிக்கெல்லாம் விசாரணை தொடங்கியது. பெரியவர் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் தொழிற்சாலைப் பூதக்கண்ணாடியுமாகத் தொட்டி முன் குந்தியிருந்தார்.

"வாலுக்கு முன்னாடி பாரு. கறுப்பா ஒரு புள்ளி. அது பெருசாயிருக்கு. இது கர்ப்பம், சந்தேகமே இல்ல."

"சரி மாமா," என்றாள் சின்னவள். பாதி வாரிய தலையோடு நின்றாள். எட்டு மணிக்கு அவள் வேலையில் இருக்க வேண்டும்.

"என்ன சரி? ஆறும் பொம்பளை. அப்புறம் எப்படி ஆச்சு?"

"எனக்கு எப்படி மாமா தெரியும்?"

"இந்தத் தொட்டிக்குள்ள வெளியிலேர்ந்து வந்தது ஒண்ணே ஒண்ணு. உன் பை. அந்தப் பாசிக்குள்ள ஒரு ஆம்பளை மீன் இருந்திருக்கு."

"பாசியும் தண்ணியும்தான் இருந்தது. பார்த்துத்தான் போட்டேன்."

"ஒரு ராத்திரி விட்டுட்டு நீயே எடுத்திருப்ப."

ஆண் மீனை ரகசியமாகக் கூட்டிவந்து, காரியம் முடிந்ததும் ரகசியமாக வழியனுப்பி வைக்கும் பெண்ணைச் சின்னவள் மனத்துக்குள் கற்பனை செய்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று.

"சிரிக்கிறியா?"

"இல்ல மாமா. பத்து நாள்ல இவ்வளவு பெரிய வயிறா?"

"மீனைப் பத்தி எனக்கே சொல்லித்தர்றியா?" பெரியவர் எழுந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. "மீனைப் போட்டதைக்கூட மன்னிச்சுடுவேன். பொய் சொல்றதை மன்னிக்க மாட்டேன். பொய் சொல்றவங்க கையில வீட்டுச் சாவி இருக்கக் கூடாது. குடு இப்படி."

வீட்டுக்கு நாலு சாவி, ஆளுக்கு ஒன்று. சின்னவளுடைய சாவியைக் கல்யாணமான மறுநாள் அவள் உள்ளங்கையில் வைத்தது பெரியவரின் மனைவி. "இனிமே இது உன் வீடும்தான்" என்று சொல்லி வைத்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சின்னவள் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவனைப் பார்த்தாள். கணவனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவன் வீட்டுச் சாமான்கள் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறான். வாஷிங் மெஷினைக் கெடுத்தது யாராக இருந்தாலும் மன்னிப்பு கேட்பது இவன். ஒரு நாளைக்கு எண்பது மன்னிப்புக்குக் குறையாது. இப்படிப் பேசிப் பேசி ஆட்களை அடக்கும் திறமைக்காக அவனுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்பது இன்னும் கேவலம்.

சான்றிதழ் பெற்றவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கட்டிய நாடாதான்.

"இப்போதைக்குக் குடுத்துடேன். சாயங்காலம் பேசிக்கலாம்," என்றான் தரையைப் பார்த்து.

சின்னவள் சாவியைக் கொடுத்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கிட்டா சாவி வந்துடும். இல்லேன்னா இனிமே கதவைத் தட்டிட்டுத்தான் உள்ளே வரணும்," என்றார் பெரியவர்.

சமையலறை வாசலில் அவர் மனைவி ஒரு டம்ளரைத் துடைத்துக்கொண்டு நின்றாள். டம்ளர் எப்போதோ காய்ந்துவிட்டது. ஏதோ சொல்ல வந்தவள்போல வாயைத் திறந்தாள். பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கண்ணால் பார்க்காத எதையும் எழுதாதே என்பது பரிசோதனைக் கூடத்தில் சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவள் வீட்டில் நேர்மாறு. அங்கே பார்க்காததைத்தான் அடித்துச் சொல்கிறார்கள். காலை முழுக்க ரத்தக் குழாய்களில் பெயர் எழுதியபடி அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளை வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் மீன் கடைக்கு நடந்தாள்.

குறுகலான கடை. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் கண்ணாடித் தொட்டிகள், காதை அடைக்கும் காற்றுப் பம்புகளின் சத்தம். முழங்கை வரை நனைந்த கடைக்காரி ஒரு வலையை அலசிக்கொண்டிருந்தாள்.

"ஆறும் பொம்பளைக் கப்பி. ஆனா ஒண்ணு கர்ப்பமா இருக்கு. அது எப்படிங்க?"

"எங்கே வாங்கினீங்க?"

"இங்கேதான். மூணு மாசம் ஆச்சு. எங்க வீட்டுப் பெரியவர் வாங்கினார்."

கடைக்காரி வலையைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு மீனா டார்ச் அடிச்சுப் பார்த்தாரே, அவரா?"

"அவரேதான்."

"அடேயப்பா!" கடைக்காரி சுவரில் சாய்ந்துகொண்டாள். "இங்கே ஆம்பளையும் பொம்பளையும் ஒரே தொட்டியிலதானே கெடக்கு? ஒரு தடவை சேர்ந்தாப் போதும். அந்த விந்தை உள்ளேயே சேர்த்து வச்சுக்கும். அப்புறம் ஆம்பளை பக்கத்துலயே வராட்டியும் மாசாமாசம் குட்டி போடும், நாலஞ்சு தடவைக்கு. இதை அன்னிக்கே அவர்கிட்ட சொன்னேன். அவர் எங்கே காதுல வாங்கினார்? எனக்கே முக்கால் மணி நேரம் கப்பி பாடம் எடுத்துட்டுப் போனார்."

சின்னவள் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ இது முதல் தடவை இல்லையா?"

"எப்படி இருக்கும்? ரெண்டு தடவையாவது ஏற்கெனவே போட்டிருக்கும். ஒளிய இடம் இல்லேன்னா மத்ததுங்க தின்னுடும். பெத்ததே தின்னுடும், அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்காகத்தான் பாசி போடறது. உங்க வீட்ல பாசி இருக்கா?"

"இருந்தது," என்றாள் சின்னவள்.

கடைக்காரி புரிந்துகொண்டவளாக இரண்டு பை பாசியை எடுத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே சொன்னாள். "வயிறு சதுரமா ஆயிட்டா நாள் நெருங்கிடுச்சுன்னு அர்த்தம். அப்போ சும்மா சும்மா பிடிச்சுப் பார்க்கக் கூடாது, பயத்துலயே குட்டி செத்துப் பிறக்கும். சின்னப் பெட்டியில அடைக்காதீங்க. தொட்டியிலேயே விடுங்க. தண்ணி வெதுவெதுன்னு இருக்கட்டும், மொத்தத்தையும் மாத்திடாதீங்க. முக்கியமா, ஆளுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

"எங்க வீட்ல அது ஒண்ணுதான் கஷ்டம்."

தெருவுக்கு வந்ததும் கணவனுக்குப் போன் செய்தாள். சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"ஏங்க, கண்டுபிடிச்சுட்டேன்! யாரும் எதையும் போடல. கடையிலேர்ந்தே அது..."

"அதெல்லாம் விடு. நான் முடிச்சுட்டேன். சாவி வந்துடும்."

"முடிச்சுட்டீங்களா? எப்படி?"

"வீட்டுக்கு வா, சொல்றேன். அடுத்த லைன்ல ஆள் இருக்காங்க."

பாவம், கல்யாணமாகி இரண்டு மாதம்தானே. கணவனைப் பற்றி நல்லதாக நினைக்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. கடைசியில் அண்ணனிடம் எதிர்த்துப் பேசிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். பாசிப் பைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பரிசோதனைக் கூடம் வரைக்கும் சின்னப் பெண்போல நடந்தாள்.

மாலை ஐந்தரைக்கு வீட்டுக் கதவைத் தட்டினாள். பெரியவர் திறந்தார். அவர் முகத்தில் புன்னகை இருந்தது. அந்த முகத்துக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் அது சரியாக உட்காரவில்லை.

"வாம்மா. மன்னிச்சுட்டேன்."

"எதுக்கு மாமா?"

"உன் வீட்டுக்காரன் மத்தியானமே போன் பண்ணி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான். 'அவ தெரியாம ஆம்பளை மீனைப் போட்டுட்டா, பயத்துல பொய் சொல்லிட்டா, அவ சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்'னு சொன்னான். நான் கேட்டது அவ்வளவுதானே. சாவியை எடுத்துக்கோ."

சாவி தொட்டிக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. தொட்டிக்குள்ளே, சோப்புப் பெட்டி அளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை மாட்டி, கர்ப்பிணி மீனை அதற்குள் அடைத்திருந்தார் பெரியவர். திரும்பக்கூட இடமில்லாமல் அது அடியில் கிடந்து வேகவேகமாக மூச்சு வாங்கியது. பெட்டிக்கு நேரே டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

கணவன் சோபாவில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நான்தான் போட்டேன்னு சொன்னீங்களா?"

"ஒரு பேச்சுக்கு."

"நான் பொய் சொன்னேன்னு சொன்னதும் ஒரு பேச்சுக்கா?"

"ஏன் இதைப் பெருசு பண்றே? ஒரு சாரி, அரை நிமிஷம். புகார் முடிஞ்சுது, சாவி வந்துடுச்சு. இப்ப யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"நான் போடலன்னு காலையில சொன்னேனே. அதை நீங்க நம்பினீங்களா, இல்லையா?"

அவன் யோசித்தான். இப்போதுதான் முதல்முறையாக யோசிக்கிறான் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அது இப்ப முக்கியமா?" என்றான்.

கோபம் வரும் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அருவருப்புதான் வந்தது. பெரியவரிடம் கோபப்படலாம். அவர் முட்டாள்தனமாகவாவது தான் சொன்னதை நம்பினார். இவன் அவள் வார்த்தையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் புகார்ச் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டான். இந்த ஆளோடா இன்னும் நாற்பது வருடம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெரியவர் பக்கம் திரும்பி, கடைக்காரி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"விற்கிறவளுக்கு என்ன தெரியும்?" என்றார் பெரியவர். "இதுக்கு முன்னாடி குட்டி போட்டிருந்தா என் கண்ணுக்குத் தப்பியிருக்குமா? தலைமுடி அளவு கீறலைப் பிடிக்கிற கண்ணு இது. அதுவும் போக, ஒத்துக்கிட்டு மன்னிப்பும் கேட்டாச்சு. அப்புறம் பேச்சை மாத்தக் கூடாது."

ஆக, அவள் கேட்காத மன்னிப்பே அவள் செய்யாத தப்புக்குச் சாட்சியாகிவிட்டது. கணவன் கழற்றிய காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். அவன் அலுவலகத்தில் மன்னிப்புக்குப் பிறகு என்ன நடக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தந்ததில்லை.

அப்போது பின்கதவு திறந்தது. பெரியவரின் மனைவி உள்ளே வந்தாள். இரண்டு கையாலும் ஓர் அகலவாய்க் கண்ணாடி ஜாடியை அணைத்துப் பிடித்திருந்தாள். அதைக் கொண்டுவந்து கூடத்து மேஜை மேல் வைத்தாள்.

ஜாடிக்குள் கொஞ்சம் பாசி. பத்து நாளுக்கு முன் குப்பைக்குப் போன அதே பாசி. அதற்கு நடுவே நகத்தளவு மூன்று கப்பிகள் நீந்தின. ஒன்றின் வாலில் ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கியிருந்தது.

"இதுங்க பிறந்து நாற்பது நாள் ஆச்சு," என்றாள் பெரியவரின் மனைவி. "ஃபில்டர் குழாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்துதுங்க. மிச்சத்தையெல்லாம் பெருசுங்க தின்னுட்டிருந்துச்சு. நீங்க ஒரு கை தூரத்துல உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. நான் டம்ளர்ல மொண்டு எடுத்துட்டுப் போனேன். வாளிக்குப் பின்னாடி வச்சு வளர்த்தேன். இவ பாசி வாங்கினது பத்து நாள் முன்னாடி. எண்ணிப் பாருங்க."

பெரியவர் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பழக்கதோஷம். கீறல் எதுவும் இல்லை. ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவர் நல்ல மனிதராக இருந்தால் இந்த இடத்தில் சின்னவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அவர் பார்த்தது தன் மனைவியை.

"நாற்பது நாளா என்கிட்ட மறைச்சியா?"

"சொல்லியிருந்தா கழுவித் தள்ளியிருப்பீங்க." அவள் சின்னவள் பக்கம் திரும்பினாள். "காலையிலயே சொல்லியிருக்கணும்மா. வாய் வரல. பதினாலு வருஷமா வராத வாய்."

"சொல்லியிருக்கலாம்க்கா," என்றாள் சின்னவள். நாள் முழுக்கத் தன்னைத் தனியாக நிற்கவிட்டதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. ஆனால் தான் வாங்கிவந்த பாசி அந்த ஜாடிக்குள் வாடாமல் இருப்பதையும் பார்த்தாள்.

"மறைக்கிறவங்க கையிலயும் சாவி இருக்கக் கூடாது, இல்லையா?" என்றாள் பெரியவரின் மனைவி. அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. தன் சாவியை எடுத்து, சின்னவளின் சாவி தொங்கிய அதே கொக்கியில் மாட்டினாள்.

பெரியவரின் முகம் சிவந்தது. ஒரு காலில் மட்டும் காலுறையோடு கணவன் அவசரமாக எழுந்தான். இது அவனுக்குத் தெரிந்த கட்டம்.

"அண்ணா, அண்ணி ஏதோ தெரியாம பேசிட்டாங்க. அவங்க சார்பா நான் மன்னிப்பு..."

இரண்டு பெண்களும் ஒன்றாகத் திரும்பி அவனைப் பார்த்தார்கள். எண்பது வாடிக்கையாளர்கள் சேர்ந்து கத்தினாலும் நிற்காத வாய் அந்தப் பார்வையில் நின்றுவிட்டது.

சின்னவள் தொட்டியருகே போனாள். டார்ச்சை அணைத்தாள். பிளாஸ்டிக் பெட்டியை மெல்லச் சாய்த்து மீனை வெளியே விட்டாள். இரண்டு பைப் பாசியையும் அவிழ்த்துத் தண்ணீரில் பரப்பினாள். மீன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, பிறகு அந்தப் பச்சைக்குள் நுழைந்து மறைந்தது.

"தள்ளி நில்லுங்க," என்றாள்.

பெரியவர் தள்ளி நின்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"வாங்கக்கா, இதுங்களுக்கு ஒரு நல்ல தொட்டி பார்ப்போம்."

பெரியவரின் மனைவி ஜாடியை எடுத்துக்கொண்டாள். அறைக்குள் போய்த் தன் பையையும் எடுத்துவந்தாள். தோளில் போட்டதும் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். மீன் கடை வரைக்கும் போய்வர அவ்வளவு கனமான பை தேவையில்லை. சின்னவள் அதைக் கவனித்தாள். எதுவும் கேட்காமல் கதவைத் திறந்து பிடித்தாள்.

"எங்கே கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?" என்றார் பெரியவர்.

"மீன் கடைக்கு," என்றாள் அவர் மனைவி.

"அப்புறம்?"

இருவரும் வெளியே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு.

சகோதரர்கள் இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், பாசிக்குள், முதல் குட்டி நழுவி வெளியே வந்தது. கண் மட்டும் தெரிகிற ஒரு துளி. அடுத்தது வந்தது. தலைமுடி அளவு கீறலைப் பிடிக்கிற கண் இந்த முறையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"வந்ததும் நான் சாரி சொல்லிக்கறேண்ணா," என்றான் தம்பி.

பெரியவர் கொக்கியில் தொங்கிய இரண்டு சாவிகளையும் பார்த்தார். வீட்டின் நாலு சாவியும் இப்போது உள்ளே இருந்தன. இனி வெளியிலிருந்து யாராவது தட்டினால்தான் அந்தக் கதவைத் திறக்க வேலை இருக்கும். தட்டும் சத்தத்துக்காக இருவரும் காது கொடுத்து நின்றார்கள். கேட்டதெல்லாம் தொட்டியின் காற்றுப் பம்புச் சத்தம்தான்.